இறங்காத முத்து

பிப்ரவரி 9, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னது: "உடம்புல என்ன மாற்றம் வந்தாலும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்கம்மா. அடுத்த தடவை டாக்டர் பார்ப்பாங்க." ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

பெயர் தங்கபுஷ்பம். வயது ஐம்பத்து மூன்று. விருதுநகரில் புஷ்பா அழகு நிலையம் வைத்திருக்கிறேன். கழுத்தில் தாலி இருக்கிறது, கட்டியவர் தூத்துக்குடியில் வேறொருத்தியோடு இருக்கிறார். மகன் மதிவாணன் ஓசூரில் வேலை. நோய், நுரையீரலில் புற்று. எலும்புக்கும் போய்விட்டது.

"நான் பீடி சிகரெட்டைக் கையால தொட்டதில்ல டாக்டரம்மா" என்றேன். கேட்காமலேயே சொன்னேன். "தெரியும்மா. புகை பிடிக்காத பொம்பளைங்களுக்குத்தான் இந்த வகை நிறைய வருது" என்றார். அவருக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு யார் சொல்வது?

எடுத்த சதையை எங்கேயோ அனுப்பிப் பார்த்ததில், அந்தச் செல்லுக்குள் ஏதோ ஒன்று மாறியிருக்கிறதாம். அந்த மாற்றத்தை மட்டும் குறிபார்த்து அடிக்கிற மாத்திரை இது. நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். கீமோ என்றால் மொட்டை அடிப்பது, இது த்ரெடிங். வேண்டாத முடியை மட்டும் நூலில் பிடித்து இழுப்பது. டாக்டரம்மாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். இதை வைத்துப் பூரணமாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம், நன்றாக வேலை செய்தால் வருஷக்கணக்கில்கூட வைக்கலாம் என்றார்.

மாத்திரை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

வயிற்றுப்போக்கு. மோர்தான் ஆகாரம். ஆனால் இருமல் குறைந்திருக்கிறது. நேற்று மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியபோதுதான் நினைத்தேன், நடுவில் எங்கேயும் நிற்கவில்லையே என்று.

பக்கத்து வீட்டு வெயிலம்மாள் இட்லி மாவு கொண்டுவந்தாள். மாவு அரைத்து விற்கிறவள். சர்க்கரை நோயில் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள், பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. இருந்தாலும் நாள் பூராவும் நின்றுகொண்டே இருப்பாள். "யக்கா, மூஞ்சி தெளிஞ்சிருச்சே! மதுரைக்குப் போய் என்னத்தத் தேச்சுட்டு வந்தீக?" என்றாள். புது க்ரீம் என்றேன்.

மாத்திரை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மூக்கின் மேல் நாலைந்து பரு. கன்னத்திலும் சிவப்பு. அழகு நிலையக்காரிக்கு இந்த வயதில் பரு! கண்ணாடியைப் பார்த்து நானே சிரித்தேன்.

டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். "முகத்துல, நெஞ்சுல பரு மாதிரி வரும். பயப்படாதீங்க. பல பேருக்கு மருந்து வேலை செய்யுறதோட அடையாளம் அது. தாங்க முடியலன்னா போன் பண்ணுங்க, களிம்பு தரலாம். நீங்களா மட்டும் மாத்திரையை நிறுத்திடாதீங்க." நான் என்ன பைத்தியமா, நிறுத்துவதற்கு?

மாத்திரை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சிரிப்பெல்லாம் போய்விட்டது. நெற்றி, கன்னம், தாடை, நெஞ்சு எல்லாம் சீழ் வைத்த கொப்புளம். தலையணை உறையில் கறை.

மணப்பெண் அலங்காரம் பேச ஒரு தாயும் மகளும் வந்தார்கள். நான் ஷாலைச் சுற்றிக்கொண்டு பேசினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த என் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். தாய்க்காரி, "அப்புறமா வாரோம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். அவர்கள் வரமாட்டார்கள். நானாக இருந்தாலும் வரமாட்டேன். தன் மூஞ்சியையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் அடுத்தவள் மூஞ்சியை என்ன செய்துவிடப் போகிறாள்?

மாத்திரை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

கடை திறக்கவில்லை. வெயிலம்மாள் மாவுப் பாத்திரத்தோடு நேரே உள்ளே வந்துவிட்டாள். ஷாலை எடுக்க நேரமில்லை.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "தாயே! ஆத்தா! வீடு தேடி வந்துட்டியா!" என்றாள். "யக்கா, முத்துப் போட்டிருக்கே! எத்தன நாளா? ஏன்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அதைப் பொய் என்று சொல்ல முடியுமா? அவளாகவே அம்மை என்றாள், நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அம்மை என்றால் யாரும் அருவருப்பாகப் பார்க்கமாட்டார்கள். கடை மூடிக் கிடந்தால் ஏனென்று கேட்கமாட்டார்கள். எவள் எவனோடு சேர்ந்து சிகரெட் குடித்தாள் என்று பேசமாட்டார்கள். கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வாசலில் வேப்பிலைக் கொத்து. வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, நான் வெளியே போகக் கூடாது. எல்லாம் வெயிலம்மாளே பார்த்துக்கொள்கிறாள். மூன்று வேளையும் கம்பங்கூழ், இளநீர். பாயில் வேப்பிலையைப் பரப்பி என்னைப் படுக்க வைத்தாள்.

"ஊசி மாத்திரைன்னு எதுவும் வேணாம்க்கா. ஆத்தாளுக்குப் பொறுக்காது. அவளா வந்தா, அவளா இறங்கிருவா."

மாத்திரைப் பட்டையை ஃபேஷியல் க்ரீம் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அவள் இளநீர் வெட்டப் போன நேரத்தில் சாப்பிட்டேன். திருடித் தின்கிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

இதை எழுதவே கை கூசுகிறது. கடைசி வீட்டு ரேணுகா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல். என் காலடியில் கிடத்திவிட்டு, "தாயே, நீ தொட்டுக் குடுத்தா போதும்" என்றாள். யாரைத் தாயே என்கிறாள் என்று ஒரு நொடி புரியவில்லை. என்னைத்தான். அம்மை கண்டவள் உடம்பில் மாரியம்மன் இருக்கிறாள் அல்லவா.

வெயிலம்மாள் என் கையில் வேப்பிலையைத் திணித்தாள். நான் பிள்ளையின் நெற்றியைத் தடவினேன். என்ன ஜென்மம் நான்! "ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். "ஆத்தாவே சொல்லிட்டா" என்று ரேணுகா உடனே கிளம்பினாள்.

மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரி ஊசி. புகழ் எனக்கு.

என் முகம் அப்படியே இருக்கிறது. கூடியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். இந்நேரம் முத்து வாடி, தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டுமாம். வாசலில் பேசுவது பாயில் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"ஏன் இன்னும் இறங்க மாட்டேங்குறா?"

"வீட்டுல ஏதாச்சும் குத்தம் இருக்கும்."

"தாலி கட்டுனவன் அங்கிட்டு, இவ இங்கிட்டு. ஆத்தா சும்மா இருப்பாளா?"

வெயிலம்மாள் அவர்களைத் திட்டி விரட்டினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "இறக்கிக்கோ தாயே. எங்க அக்கா மூஞ்சிய அவளுக்குத் திருப்பிக் குடுத்துரு" என்றாள். கண்ணீர் வடிந்தது அவளுக்கு.

இந்த மாத்திரை உள்ளே போகிற வரைக்கும் இது இறங்காது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாத்திரை சாப்பிட்டேன்.

மார்ச் 4, புதன்

மதி போன் செய்தான். "மாத்திரை போட்டியாம்மா?" என்றான். "அதை விட்டால் உனக்குக் கேட்க வேறொன்றும் இல்லையா" என்று எரிந்து விழுந்தேன். பாவம், பிள்ளை.

மார்ச் 5, வியாழன்

வெயில் அதிகம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

கொப்புளங்கள் வாடுகின்றன. வயிறும் சரியாகிவிட்டது. இன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். வெயிலம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நின்று, "இறங்குறாடீ, இறங்குறா!" என்று கூவினாள்.

மதி போன் செய்தான். போட்டேன் என்றேன்.

மார்ச் 14, சனி

தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீர். தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், குத்தம் பேசினவளும் வந்தாள். பொங்கல் வைத்தார்கள். கண்ணாடியில் என் முகம் எனக்குக் கிடைத்துவிட்டது. லேசாகக் கறுப்புத் தழும்பு. பவுடர் போட்டால் மறைந்துவிடும்.

அப்போதுதான் வெயிலம்மாள் சொன்னாள். பங்குனிப் பொங்கலுக்கு எனக்காகத் தீச்சட்டி எடுக்கிறாளாம். குத்தம் என்று அவர்கள் பேசிய அன்றே நேர்ந்துகொண்டாளாம்.

"உன் கால் இருக்கிற லட்சணத்துக்கா?" என்றேன்.

"நேந்துக்கிட்டேன், அவ இறக்கிட்டா. இப்பக் கால் சரியில்லன்னு சொன்னா நல்லாருக்குமா?"

நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு பங்குனி வெயிலில் தார் ரோட்டில் நடக்க வேண்டும். அவளுக்குச் சூடு தெரியாது. தெரியாததுதான் ஆபத்து.

நான் என்ன சொல்லித் தடுப்பது? தோன்றியதைச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 18, புதன்

கடை திறந்துவிட்டேன். கூட்டம். ஆத்தா வந்துபோன கை என்று மணப்பெண் வீட்டார் தேடி வருகிறார்கள். அன்றைக்குச் செருப்பைத் தேடிய தாய்க்காரியும் வந்தாள்.

லேசாக இருமல். பவுடர் தூசியாக இருக்கும்.

மார்ச் 21, சனி

மதுரைக்கு இன்று போக வேண்டியது. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். துணிவாளி கையிலிருந்து உருண்டு போனது. முதுகு எலும்பில் அந்தப் பழைய வலி.

வெயிலம்மாள்தான் வாளியை எடுத்து வந்தாள். காப்புக் கட்டியிருக்கிறாள், மஞ்சள் சேலை, ஒரு வேளைச் சாப்பாடு. சர்க்கரை வியாதிக்காரி பட்டினி கிடக்கிறாள். "என்னக்கா மூச்சு வாங்குது? ஆத்தா வந்துட்டுப் போன அலுப்பா?" என்று முதுகைத் தடவிவிட்டாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பசி.

எனக்கு அழுகை வந்தது. தொண்டை வலி என்றேன். எத்தனையைத்தான் சொல்வது.

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

இன்று மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் தலை சுற்றி விழுந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினேன். ஓடியதில் எனக்கும் மூச்சு நின்றுவிடும்போல ஆனது. சுவரில் சாய்ந்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சர்க்கரை போட்டீகளே, விரதம் முறிஞ்சிருச்சாக்கா?"

"முறியட்டும்" என்றேன். "உன் விரதமே வேண்டாம். எனக்கு வந்தது அம்மை இல்லை வெயிலு."

எல்லாவற்றையும் சொன்னேன். புற்று, நுரையீரல், மதுரை, மாத்திரை, மாத்திரையால் வருகிற கொப்புளம். ஆத்தா இறங்கவில்லை என்று ஊர் பேசியதால் மாத்திரையை நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். இந்த நோட்டில்கூட இன்றுதான் எழுதுகிறேன். மார்ச் 4-லிருந்து நான் ஒரு மாத்திரையும் சாப்பிடவில்லை. மூஞ்சிக்காக. ஊர் வாய்க்காக.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். சாமி பேரில் ஏமாற்றினாயே என்று கேட்பாள், காறித் துப்புவாள், அதற்கெல்லாம் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்தக் கொப்புளம் இருந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமா?"

"டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார்."

"நான் அத இறக்கச் சொல்லியா கேட்டேன்?" அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒவ்வொரு நாளும் ஒன் தலமாட்டுல உக்காந்து, இறக்கு தாயே இறக்கு தாயேன்னு... ஒன்னச் சாகடிக்கச் சொல்லியாடி நேந்துக்கிட்டேன்? எனக்கு இந்தப் பாவத்த ஏன்டி வச்ச?"

பதினெட்டு வருஷத்துப் பழக்கம். ஒரு நாளும் அவள் என்னை "டீ" போட்டதில்லை.

அவள் காலைப் பிடித்தேன். அந்தக் காலுக்கு நான் பிடித்ததுகூடத் தெரிந்திருக்காது.

மார்ச் 27, வெள்ளி

அவளே என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தாள். பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஜன்னல் ஓர இடத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். சுருங்க ஆரம்பித்திருக்க வேண்டிய கட்டி இப்போது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. "ஏன் ஒரு போன்கூடப் பண்ணல? களிம்பு இருக்கு, மாத்திரை இருக்கு, அளவைக்கூட மாத்திப் பார்த்திருக்கலாமே!" அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "மறுபடி ஆரம்பிப்போம். வேலை செய்யும்னு நம்புறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

வெயிலம்மாள் நடுவில் புகுந்தாள். "வேலை செய்யுதுன்னா மூஞ்சியில முத்து வரணுமா டாக்டர்?"

"வரலாம். வராமலேயும் வேலை செய்யும். அதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதும்மா."

"வரட்டும்" என்றாள். டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் அவள் காதில் ஏறியது.

மதிக்கும் போன் செய்து சொன்னேன். "நான் வாரேம்மா" என்றான்.

அவள் கண் முன்னால் மாத்திரை சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

இன்று தீச்சட்டி. எவ்வளவு சொல்லியும் வெயிலம்மாள் கேட்கவில்லை. "அன்னைக்குத் தப்பாக் கேட்டுட்டேன். நேருல போய் மாத்திக் கேக்கணும்ல" என்றாள். நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டாள். தெருமுனையிலிருந்து கோயில் வரைக்கும்தான் எடுப்பாள், ஊர் சுற்றிவரமாட்டாள்.

மதி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தான். நான் அவள் முன்னால் ரோட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனேன். பத்து எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். அவளும் சட்டியோடு நின்றாள். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். சுற்றிலும் எல்லோரும், "இறக்கு தாயே, காப்பாத்து தாயே" என்று கூவிக்கொண்டு போக, இவள் ஒருத்தி மட்டும், "முத்தப் போடு ஆத்தா! எங்க அக்கா மூஞ்சி பூராம் போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ரேணுகா பிள்ளையோடு நின்றவள் வாயைப் பிளந்துவிட்டாள். எனக்கு உடம்பு கூசியது. தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரை ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு கொப்புளம், எலுமிச்சங்காய் அளவு. "வலிக்கவே இல்லக்கா" என்றாள். மறுபடி அக்காவாகிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம். புண்ணாகாமல் ஆற வேண்டும். ஆறாவிட்டால் அது என்னால்தான்.

மாத்திரை சாப்பிட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

தினமும் காலையில் நொண்டிக்கொண்டே வந்து, என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறாள். "இன்னும் இல்ல" என்று திரும்பிப் போகிறாள். நான் அதற்குள் கண்ணாடியில் பார்த்து வைத்திருப்பேன். இருந்தாலும் அவள் சொல்லும்போதுதான் பகீரென்கிறது.

மாத்திரை சாப்பிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

இன்று மூக்கோரத்தில் இரண்டு. நெற்றியில் ஒன்று, சீழ் வைத்தது.

கடையில் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். வெயிலம்மாள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கும்பிடக் கை தூக்கினாள். பாதியில் நிறுத்தி, உள்ளே வந்து, என் தலையில் நறுக்கென்று ஒரு கொட்டு வைத்தாள். அவ்வளவு நாள் கோபமும் அதில் இருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு, வலியாலும்தான்.

நாற்காலியில் இருந்த பெண் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா அது, மறுபடியும் அம்மையா?" என்றாள்.

வெயிலம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டியிருந்தால் அவளும் ஆமாம் என்றிருப்பாள். என் மானத்துக்காக இன்னொரு தடவை சாமி பேரைச் சொல்லியிருப்பாள்.

"இல்லம்மா. எனக்கு நுரையீரல்ல புத்துநோய். அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன், அதான் மூஞ்சியில இப்படி" என்றேன். சொல்லும்போது காது மடல் வரைக்கும் சூடானது.

ஒரு புருவம் முடிந்திருந்தது, ஒன்று பாக்கி. எழுந்து போய்விடுவாள் என்று நூலைத் தளர்த்தினேன். அவள் கண்ணாடியில் தன் இரண்டு புருவங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் திருப்பினாள்.